ஏழாம் படுக்கையின் செவ்வாய்க்கிழமை

ஒரு மனுஷர் பதினேழு நாள் விடாமல் ஒரே செவ்வாய்க்கிழமையிலேயே படுத்துக் கிடந்தால், அவர் கட்டிலுக்கு அடியில் வைத்த பால் திரியுமா, திரியாதா, சொல்லுங்கள் பார்ப்போம்?

திரியாது. சித்திரை வெயிலில், மின்விசிறியே மூச்சுவாங்குகிற வார்டில், பதினொரு டம்ளர் பாலும் கறந்த வாசனை மாறாமல் இருந்ததை நான் குனிந்து மோந்து பார்த்திருக்கிறேன். அதில் ஒரு டம்ளர் என்னுடையது.

எங்கள் ஊர் தாலுகா ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டின் ஏழாம் படுக்கை அது. அதில் கிடந்தவர் பந்தல்காரர் திருமேனி. ஊரில் எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் மூங்கில் நட்டுத் தகரம் ஏற்றுவது அவர்தான் என்பதால், அவர் போட்ட நிழலில் உட்கார்ந்து ஒருவேளையாவது சாப்பிடாத ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வளைகாப்பு வீட்டில் ஏணியை விட்டு இறங்கியவர், தரையில் எப்படிக் கால் வைப்பது என்று மறந்துபோனவர் மாதிரி வலது பக்கமாகச் சாய்ந்தார். வாய் கோணியது, பேச்சு போனது, வலது கையும் காலும் வேறு யாருடையதோ போலக் கூடவே கிடந்தன. பக்கவாதம்.

செவ்வாய்க்கிழமை காலையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, அவர் மனைவி பவளக்கொடியிடம் சொன்னார்: "இன்னும் மூணு நாள் தாண்டட்டும்மா. மூளைக்குள்ள வீக்கம் ஏறுற நேரம் இது. தாண்டிட்டா கை காலு பேச்செல்லாம் ஒவ்வொண்ணா பார்த்துக்கலாம். முதல்ல தாண்டணும்."

பவளக்கொடி அந்த மூன்று நாளை முந்தானையில் முடிச்சுப் போட்டது போல வைத்துக்கொண்டு, கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

நான் அந்த ஆஸ்பத்திரியின் பிசியோ. நாற்பத்தொரு பேருக்குக் கை கால் பிடித்துப் பயிற்சி கொடுக்க நான் ஒருத்தி. அந்த வருஷம்தான் எங்கள் வேலையெல்லாம் காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்குப் போனது. டாக்டர்களுக்குத் தனிக் கம்ப்யூட்டர், நர்சுகளுக்குத் தனிக் கம்ப்யூட்டர். மிச்சமிருந்த நாலு பேருக்கும் சேர்த்து, பழைய போர்வை அடுக்கி வைத்திருந்த அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அந்த நாலு பேர்: மருந்து எடுத்துக் கொடுக்கிற பரக்கத் நிஷா அக்கா, ரத்தம் எடுக்கிற லேப் தைனேஸ் அண்ணன், சாப்பாட்டுப் பட்டியல் போடுகிற அனுசுயா, பிறகு நான். ஒவ்வொரு நோயாளிக்கும், எங்களில் யார் யார் பார்க்கிறோமோ அவரவர் ஒரு பக்கம் நிரப்ப வேண்டும். நிரப்பிய பக்கம் பச்சையாகும், நிரப்பாதது சிவப்பாகவே நிற்கும், சிவப்பு நின்றால் மாவட்டத்திலிருந்து போன் வரும்.

அந்தப் பக்கத்தின் மூலையில் ஒரு பொத்தான் இருந்தது. 'நேற்றைப் போலவே' என்று எழுதியிருக்கும். அமுக்கினால் நேற்று எழுதியதெல்லாம் இன்றைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும், பக்கம் பச்சையாகிவிடும். பிள்ளைக் காப்பகத்தில் விட்டிருக்கிற பிள்ளையை நாலு மணிக்குள் தூக்க வேண்டிய ஒருத்திக்கு அந்தப் பொத்தான் எவ்வளவு இனிக்கும் என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஆனால் ஆளைப் பார்த்துவிட்டுத்தான் அமுக்குவோம், அதில் நேர்மைதான். அந்தப் புதன்கிழமை மட்டும் தப்பிப் போனது. ஒன்பது மணிக்கு மாவட்டத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள், அதற்குள் எல்லாப் பக்கமும் பச்சையாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. நாங்கள் நாலு பேரும் எட்டு மணிக்கே போர்வை அறைக்குள் ஒருவர் முதுகில் ஒருவர் இடித்துக்கொண்டு நின்று, வார்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னாலேயே, யார் எப்படி விடிந்திருக்கிறார் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே, வரிசையாக அமுக்கினோம். மற்ற படுக்கைகளுக்கு ரெண்டு பக்கமோ மூன்று பக்கமோதான் உண்டு. நாலு பேருடைய நாலு பக்கமும் இருந்தது ஏழாம் படுக்கைக்கு மட்டும். நாலும் ஒரே காலையில், பார்க்காமலே, நேற்றைப் போலவே ஆயின.

எட்டரைக்கு நான் வார்டுக்குப் போனேன். ஊர் முழுக்கப் புதன்கிழமை. ஏழாம் படுக்கையில் செவ்வாய்க்கிழமை.

முதலில் கண்டுபிடித்தது தைனேஸ் அண்ணன். செவ்வாய்க்கிழமை ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருக்க வேண்டும், பஞ்சும் இல்லை, புள்ளியும் இல்லை. திரும்பக் குத்தி எடுத்தார், சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டு. வியாழக்கிழமையும் இருநூற்றுப் பன்னிரண்டு. நிஷா அக்காவுக்கு வேறு தலைவலி. காலையில் ஏழாம் படுக்கைக்குக் கொடுத்த மாத்திரை மறுநாள் காலையில் அட்டையில் அதே குழியில் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. "என் ஸ்டாக்கு இறங்கவே மாட்டேங்குதுடி, கூடுனாலும் திட்டுவாங்க, குறைஞ்சாலும் திட்டுவாங்க, இப்பிடி அசையாம நின்னா என்ன சொல்லித் திட்டுவாங்கன்னே தெரியலையே" என்று என்னிடம் வந்து அங்கலாய்த்தார். நான் பிடித்துப் பார்த்தால் கைப்பிடி பலம் ஐந்துக்கு ஒன்று, நேற்றும் ஒன்று, முந்தாநாளும் ஒன்று. இனிமேல் பார்த்து எழுதினாலும் அதேதான், பார்க்காமல் எழுதினாலும் அதேதான். எனவே நாங்கள் பார்த்துவிட்டே அமுக்கினோம், மனசாட்சியும் பச்சையாகவே இருந்தது.

பெரிய டாக்டர் வந்தார், நாடி பிடித்தார், கண்ணில் டார்ச் அடித்தார், நாலு நாள் சீட்டையும் புரட்டினார், ஒரு நிமிஷம் யோசித்தார், 'அதே மருந்து தொடரவும்' என்று எழுதிவிட்டு எட்டாம் படுக்கைக்குப் போனார்.

எப்படி இது நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எதற்கெல்லாம் உதவும் என்றுதான் கேட்டார்கள். ஒன்பதாம் படுக்கைக்காரர் மனைவி, அவசரத்தில் ஏழாம் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்த பால் மறுநாளும் திரியாமல் இருந்ததைச் சொன்ன அன்றைக்கே, வார்டில் இருந்த பெண்களெல்லாம் தங்கள் பாலையும் தயிரையும் அங்கே கொண்டுவந்து அடுக்கினார்கள். பஸ் நிலையத்தில் பூ விற்கிறவள் விற்காத மல்லிகையை ஈரத்துணியோடு வைத்துவிட்டுப் போனாள், மறுநாள் அப்போது பறித்த மொட்டாக எடுத்துப் போனாள். பரீட்சைக்குப் படிக்காத காலேஜ் பெண் ஒருத்தி புத்தகத்தோடு வந்து கட்டிலை ஒட்டி உட்கார்ந்தாள். மூன்று மணிநேரம் கழித்து வெளியே வந்தால் வெளியே நேரம் போய்த்தான் இருந்தது, "ஏமாத்துற செவ்வாய்க்கிழமை" என்று திட்டிக்கொண்டே போனாள். செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் எலுமிச்சை விளக்குப் போட நேர்ந்துகொண்டு மறந்துபோன ஒரு அம்மாள், சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத் தட்டில் எலுமிச்சை மூடியும் நெய்யும் திரியுமாக வந்து நின்றாள்.

"ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிற இடத்துல விளக்கா? வெளிய போங்க!" என்று நர்சம்மா கத்தினார்.

"ஏம்மா, எனக்குப் போன செவ்வாய் விட்டுப்போச்சு, இங்கதானே மிச்சம் இருக்கு, கொளுத்தாம சும்மா காட்டிட்டுப் போறேன்" என்று கெஞ்சி, கொளுத்தாத விளக்கைக் கட்டிலுக்கு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, நிம்மதியாகப் போனாள் அந்த அம்மாள்.

இதில் முறுக்கிக்கொண்டு நின்றவர் ஒருத்தர்தான், சவரம் செய்கிற ராக்கப்பன். ஞாயிற்றுக்கிழமை பவளக்கொடி கூப்பிட்டனுப்பி, முகத்தை மழித்துவிடச் சொன்னார். ராக்கப்பன் பெட்டியைத் திறந்தார், கட்டிலைப் பார்த்தார், பெட்டியை மூடினார்.

"நமக்குச் செவ்வாய் லீவு" என்றார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம அண்ணே."

"வாசப்படி வரைக்கும் ஞாயிறுதான். நான் கத்தி வைக்கப்போறது எங்க? அந்தக் கன்னத்துல. அந்தக் கன்னத்துல என்ன கெழம? மூணு தலைமொறையா எங்க வீட்ல செவ்வாய்க்கெழம கத்தி எடுத்ததில்ல. புதன் வந்ததும் ஆளனுப்புங்க, ஓடியாறேன்."

பந்தல்காரருக்குச் செவ்வாய்க்கிழமை என்ன இருந்ததோ அது அப்படியே தினமும் இருந்தது. எழுந்ததும் சுவரைப் பார்ப்பார். அனுசுயாவின் பட்டியல்படி ரெண்டு இட்லி, உப்பில்லாத சாம்பார், முதல் வாய்க்கு முகத்தைச் சுளிப்பார். நாங்கள் கேட்ட கேள்வியையே கேட்போம், அவர் காட்டிய சைகையையே காட்டுவார். பதினொரு மணிக்கு வாசலைப் பார்ப்பார்.

ஏனென்றால் அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத்தான் அவருடைய ஒரே மகள் சுகந்தி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவள், விஷயம் கேள்விப்பட்டு ராத்திரி பஸ் பிடித்து, தோளில் பையோடு வாசலில் வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் பந்தல்காரர் இடது கையைத் தூக்கினார், அவள் குனிந்தாள், தலையைத் தடவினார், கோணின வாயோடு சிரித்துக்கொண்டே அழுதார். மறுநாளும் பதினொரு மணிக்கு வாசலைப் பார்த்தார், அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கிற மாதிரி. சுகந்தி கெட்டிக்காரி, ஒருநாளில் புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு தினமும் பத்தே முக்காலுக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போவாள், வேப்பமரத்தடியில் நிற்பாள், மணி பதினொன்று அடித்ததும் ஓடிவருகிறவள் போல வந்து வாசலில் நிற்பாள். தினமும் கை தூக்குவார், தினமும் தடவுவார், தினமும் அழுவார். வார்டே அந்த நேரத்துக்கு வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கும்.

பவளக்கொடிக்கு இதில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஒருநாள் என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"எக்சைஸ் பாப்பா, நீங்க நாலு பேரு சேர்ந்து கம்ப்யூட்டர்ல ஏதோ அமுக்குறீகளாம்ல, அதனாலதான் இந்த மனுஷன் இப்பிடி இருக்காராம்ல. நர்சு சொல்லுச்சு."

"வேணும்னு செய்யலம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"அடி போ தாயி, நான் சண்டைக்கா வந்தேன்? நிறுத்திராதீக, அதைச் சொல்லத்தான் வந்தேன். டாக்டரு மூணு நாளு தாண்டணும்னாரு. நாளே நகரலைன்னா வீக்கம் எப்பிடி ஏறும்? எமன் புதன்கெழம வாசல்ல நிக்கட்டும், நாங்க செவ்வாயிலயே இருந்துக்கிறோம். அமுக்கு தாயி. தெனமும் அமுக்கு."

அமுக்கினேன். ஆனால் பிசியோ வேலை செய்கிறவளுக்கு ஒன்று தெரியும். பக்கவாதத்தில் முதல் சில வாரம்தான் கை காலுக்குப் பொன்னான நேரம், அப்போது பழக்கினால் திரும்பி வரும், விட்டால் விட்டதுதான். நான் தினமும் அவர் வலது காலை மடக்கி நீட்டிப் பழக்கினேன், இருபது தடவை, முப்பது தடவை, என் ஜாக்கெட் நனையப் பழக்கினேன். மறுநாள் காலையில் அந்தக் கால் ஒன்றுமே கற்றுக்கொள்ளாத காலாக, நேற்றைப் போலவே கிடந்தது. நாள் நகர்ந்தால் அவர் செத்தாலும் சாகலாம். நகராவிட்டால் சாகமாட்டார், ஆனால் எழுந்து உட்காரவும் மாட்டார், ஒரு வார்த்தை பேசவும் மாட்டார். இதை யாரிடம் சொல்லி யார் முடிவு செய்வது?

இதற்கிடையில் மாவட்டத்திலிருந்து போன் வந்தது. விடாமல் பதினாலு நாள் எல்லாப் பக்கமும் பச்சையாக இருந்த ஒரே படுக்கை எங்கள் ஏழாம் படுக்கையாம். பாராட்டுச் சான்றிதழ் அனுப்புகிறார்களாம். தைனேஸ் அண்ணன் போனை வைத்துவிட்டு, "பந்தல்காரர் படத்தையும் சேர்த்து மாட்டிருவோமா?" என்றார்.

பதினைந்தாம் நாள் சுகந்திக்கு லீவு முடிந்துபோனது. இன்னொரு நாள் தாண்டினால் வேலையில் வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்று மேஸ்திரி சொல்லிவிட்டானாம். அன்றைக்குப் பதினொரு மணிக்கு வந்து நின்றாள், தலையைக் கொடுத்தாள், அழுதாள், சாயங்காலம் பஸ் ஏறினாள். அவருக்குச் சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை, சொன்னாலும் விடிந்தால் அவருக்குத் தெரியாது.

பதினாறாம் நாள் பதினொரு மணிக்குப் பந்தல்காரர் வாசலைப் பார்த்தார். வாசல் காலியாக இருந்தது. அவர் இடது கையைத் தூக்கினார். காலியாக இருந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தார். கையைக் கொண்டுபோய், ஒரு தலை குனிந்திருக்கும் உயரத்தில், வெறும் காற்றை மெதுவாகத் தடவினார், காதோரத்து முடியை ஒதுக்குகிற மாதிரி விரலை வளைத்தார், கண்ணீர் வடிய வடியத் தடவிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் வார்டில்தான் நின்றோம். பவளக்கொடி அந்தக் கையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு எழுந்து நேரே போர்வை அறைக்கு நடந்தார். நாங்களும் பின்னாலேயே உள்ளே போனோம்.

"தாயி, புதுசா எழுது" என்றார்.

"அம்மா, எழுதினா நாள் நகரும். டாக்டர் சொன்ன மூணு நாள்..."

"தெரியும். நான்தானே வேண்டாம்னேன், நானே சொல்றேன். காத்தைத் தடவுறாரு தாயி. மனுஷன் உசுரோட இருக்காருன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். நான் வச்சிருக்கிறது அவரை இல்ல. நல்லதோ கெட்டதோ, அவருக்கு வரவேண்டிய புதன்கெழமையை அவருகிட்ட குடுத்துருங்க."

கொடுக்கலாம், ஆனால் எப்படிக் கொடுப்பது? நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கைப்பிடி பலம் ஐந்துக்கு இரண்டு என்று எழுதினேன். சேமித்தேன். பக்கம் ஒரு முறை கண் சிமிட்டிவிட்டு ஒன்று என்றே காட்டியது. தைனேஸ் அண்ணன் சர்க்கரையை இருநூறு என்று எழுதினார், இருநூற்றுப் பன்னிரண்டாக நின்றது. நிஷா அக்கா மாத்திரை நேரத்தை மாற்றினார், அனுசுயா இட்லியைப் பொங்கலாக்கினாள், எதுவும் ஒட்டவில்லை. பொய் எழுதினால் பக்கம் வாங்கிக்கொள்ளவில்லை. மெய் எழுதலாமென்றால், மெய்யாக மாறியது ஒன்றுமே இல்லை; எழுதாததால் அவர் மாறவில்லை, அவர் மாறாததால் எழுத ஒன்றுமில்லை. காளை செக்கைச் சுற்றுகிற மாதிரி சுற்றிச் சுற்றி வந்தோம்.

மறுநாள், பதினேழாம் நாள், பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்கொண்டே போனேன். அடியில், யாரும் எட்டிப் பார்க்காத கடைசிக் கட்டம் ஒன்று இருந்தது. 'நோயாளியின் விருப்பம்' என்று போட்டிருந்தது. அதைக் காலியாக விட்டால் பக்கம் பச்சையாகாது என்பதால், முதல் நாளே நான் அதில் 'பொருந்தாது' என்று தட்டியிருந்தேன்.

"அக்கா, உங்க பக்கத்துல அந்தக் கட்டம் இருக்கா?"

"இருக்கே. பொருந்தாதுன்னு போட்டிருக்கேன்" என்றார் நிஷா அக்கா.

"நானும்" என்றார் தைனேஸ் அண்ணன். அனுசுயா தன் பக்கத்தைத் திறந்து காட்டினாள், அங்கேயும் அதே சொல்.

பதினேழு நாள், நாலு பேர், அறுபத்தெட்டுத் தடவை அந்த மனுஷருக்கு எந்த விருப்பமும் பொருந்தாது என்று எழுதியிருந்தோம்.

"பேச்சு வராத ஆளுகிட்ட எப்பிடிக் கேக்குறது?" என்றாள் அனுசுயா.

அது எனக்குக் கஷ்டமில்லை. என் வீட்டில் ஒன்றரை வயதில் ஒன்று இருக்கிறது, 'ஊ' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வீட்டையே ஆட்டிப் படைக்கிறது. பாலா, பொம்மையா, நிலாவா, காக்காவா என்று ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே போனால், எது வேண்டுமோ அதற்கு முகம் சொல்லிவிடும். வேண்டாததற்கு அதைவிட வேகமாகச் சொல்லும்.

நாலு பேரும் ஏழாம் படுக்கைக்குப் போனோம். மற்ற படுக்கைக்காரர்களும் சொந்தக்காரர்களும் சுற்றி நின்றார்கள். நான் குனிந்து, அவர் கண்ணுக்கு நேரே என் முகத்தை வைத்துக் கேட்டேன்: "அப்பா, உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை?"

பந்தல்காரர் என்னைப் பார்த்தார். அந்தச் செவ்வாய்க்கிழமையில் யாரும் கேட்காத கேள்வி அது. புருவம் மெல்ல ஏறிற்று.

"வீட்டுக்குப் போகணுமா?" அசையவில்லை.

"மகளைப் பார்க்கணுமா?" பதினொரு மணிக்குத்தான் பார்த்தேனே என்பது போலக் கண்ணை மூடித் திறந்தார். பவளக்கொடி வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டார்.

"பந்தல் போடணுமா?" எனக்கு மூளை இருக்கிறதா என்பது போலப் பார்த்தார்.

"காரச் சட்னியா?" என்று அனுசுயா ஆசையாகக் கேட்டாள். ஒரு நிமிஷம் யோசித்தார், பிறகு வேண்டாம் என்று உதட்டைப் பிதுக்கினார். "அட, அதுகூட இல்லையா?" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

பந்தல்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. இடது கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டித் துழாவினார். கம்பியில் மாட்டியிருந்த ஒன்றுக்குப் போகிற பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார், பவளக்கொடிதான் ஒவ்வொரு தடவையும் பிடித்துக்கொண்டிருந்த டப்பா, அதைத் தூக்கி எங்கள் எல்லோருக்கும் காட்டினார், பிறகு பலம்கொண்ட மட்டும் வீசி எறிந்தார். அது பத்தாம் படுக்கைவரை உருண்டு போனது. கக்கூஸ் கதவைச் சுட்டினார். பிறகு அதே விரலை நேராக, மூங்கில் நட்டது மாதிரி, நிமிர்த்திக் காட்டினார்.

முதலில் புரிந்தது பவளக்கொடிக்கு.

"ஏங்க... நின்னு போகணுமாக்கும்?"

பந்தல்காரர் தலையை ஆட்டினார். முகம் சிவந்துபோயிருந்தது. அத்தனை நாள் அழுத பவளக்கொடி அப்போதுதான் சிரித்தார், அடக்கமாட்டாமல், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட மானங்கெட்ட மனுஷா, எமன் வாசல்ல நிக்கிறான், உமக்கு இதா கவல?"

நான் ஓடினேன். 'பொருந்தாது' என்பதை அழித்தேன். 'தானே எழுந்து நின்று, யார் உதவியும் இல்லாமல் ஒன்றுக்குப் போக வேண்டும்' என்று எழுதிச் சேமித்தேன். பக்கம் கண் சிமிட்டவில்லை. எழுத்து அப்படியே ஒட்டி நின்றது.

வார்டிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பி வந்தது பாருங்கள்! பதினொரு டம்ளர் பாலும் தங்களுக்கு வரவேண்டிய நாளையெல்லாம் ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டு திரிந்து பொங்கிக் கட்டிலடியில் ஓடின. மல்லிகை பழுத்துக் கறுத்தது. ஒன்பதாம் படுக்கைக்காரர் மனைவி, "எம் பாலு, எம் பாலு" என்று ஓடிவந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடினாள். மனுஷருக்கு மட்டும் அப்படிக் கூட்டிச் சேர்த்து வரவில்லை. ஊருக்கு அன்றைக்கு வெள்ளி, பந்தல்காரருக்கு நல்லபடியாக ஒரே ஒரு புதன். அரைமணியில் ராக்கப்பன் பெட்டியோடு வந்து நின்றார், யார் சொல்லி அனுப்பினார்கள் என்று தெரியாது.

பிறகு அந்த மூன்று நாள். அதை நான் நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. அவருடைய வியாழக்கிழமை மத்தியானம் பிரஷர் ஏறியது, கண் செருகியது, பெரிய டாக்டர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தார், நிஷா அக்கா ஊசி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னென்னவோ ஓதினார், தைனேஸ் அண்ணன் மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்தார். "திரும்ப அமுக்கிரவா அம்மா?" என்று நான்தான் பயந்துபோய்க் கேட்டேன். பவளக்கொடி வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். வெள்ளி விடிந்தது. சனி விடிந்தது. அவருடைய சனிக்கிழமை காலையில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பவளக்கொடியின் பக்கம் திரும்பி, "தாண்டிட்டாரும்மா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, மூன்று வாரத்துக்குப் பிறகு முதன்முறையாகத் தூங்கிப்போனார். நாங்கள் தாண்டித் தாண்டி நடந்தோம், எழுப்பவில்லை.

அதன் பிறகு பொத்தானை நாங்கள் தொடவில்லை என்று சொன்னால் பொய், மற்றவற்றுக்கு அவசரத்தில் தொடுவதுண்டு. ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தைக் கேட்டுத்தான் எழுதுகிறோம். மூன்றாம் படுக்கைக்குப் பேரன் பேர் ஞாபகம் வர வேண்டும். பன்னிரண்டாம் படுக்கைக்குத் தன் கையால் சோறு பிசைய வேண்டும். மாவட்டத்திலிருந்து போன் வந்தது: "அந்தக் கட்டத்துல எல்லாரும் பொருந்தாதுன்னு போடுறாங்க, உங்க ஆஸ்பத்திரி மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?" தைனேஸ் அண்ணன், "இங்க பொருந்துதுங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். சான்றிதழ் வரவே இல்லை.

பந்தல்காரரின் கால் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது. திங்கள் கற்றதைச் செவ்வாய் மறக்கவில்லை, செவ்வாய் கற்றதைப் புதன் மறக்கவில்லை. கைப்பிடி ஒன்றிலிருந்து இரண்டாயிற்று, கால் இரண்டிலிருந்து மூன்றாயிற்று, ஒவ்வொன்றையும் எழுத எழுத எனக்கே சிரிப்பாக வந்தது, என் பிள்ளை நடை பழகியதை நாட்காட்டியில் குறித்த மாதிரி. உட்கார்ந்தார். கட்டிலைப் பிடித்து நின்றார். பேச்சு வர மாட்டேன் என்றது. அ, ஆ என்று முனகலாகக் கிடந்தது.

ஒரு வாரம் கழித்து, காலை பத்து மணிக்கு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு பந்தல்காரர் வார்டின் குறுக்கே நடந்தார். இடுப்பில் பட்டை கட்டிப் பின்னால் நான் பிடித்துக்கொண்டேன், பக்கத்தில் பவளக்கொடி. பத்து எட்டு வைத்தால் ஒரு நிமிஷம் நின்றோம். படுக்கைக்காரர்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள், "விடாதீக பந்தலு, கம்பு நட்டுட்டீக" என்று பத்தாம் படுக்கையிலிருந்து குரல் வந்தது. கக்கூஸ் வாசப்படியை ஏறினார். உள்ளே சுவரில் பதித்திருந்த கம்பியை இடது கையால் பிடித்தார், வலது காலைத் தரையில் அழுத்தி, முதுகை நிமிர்த்தி, நின்றார். பட்டையை விடாமல் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பவளக்கொடி மட்டும் விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் இமைகூடக் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாழி ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. பந்தல்காரர் தொண்டையைச் செருமினார். ஒரு மாசத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து, கோணலாக, ஆனால் ஒவ்வொரு எழுத்தாகத் தெளிவாக, வார்த்தை வந்தது.

"ஏ புள்ள... கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்க."